நூற்று முப்பத்தெட்டுக்குக் கை கொடுத்தது

மே 8, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை ஏ ஷிப்ட். கம்பெனி பஸ் சு.சத்திரம் ஸ்டாப்பில் இறக்கிவிட்டபோது மூன்றரை மணி. ரூமில் ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது. வாங்க வேண்டியவை: துணி சோப்பு, முழங்காலுக்குத் தைலம், டென்னிஸ் பந்து இரண்டு.

ஞாயிறு கம்பெனி கிரிக்கெட்டில் அரையிறுதி. எங்கள் பிரஸ் ஷாப்பும் பெயிண்ட் ஷாப்பும். பத்து ஓவர். பதினோரு வருடமாக நான்தான் கேப்டன், ஓபனிங்கும் நானே. கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. இந்த ஞாயிறும் இல்லையென்றால் வாரம் முழுக்க நான் யாரிடம் பேசுவது?

டீக்கடையில் நேற்றைய டிவி மேட்ச் பேச்சு. இருநூறுக்கு மேல் டார்கெட், பந்து மிச்சம் வைத்தே அடித்துவிட்டார்களாம். கீப்பர் தினேஷ் (இருபத்து மூன்று வயது) அதை இட்லி வெந்துவிட்டது என்பதுபோலச் சொல்கிறான். ஒருவனும் வாயைப் பிளக்கவில்லை. அவன் வயதில் நாங்கள், ஓவருக்கு ஏழு வேண்டும் என்றாலே டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோவோம்.

"வேலுண்ணே, டாஸ் ஜெயிச்சா பௌலிங் எடு. அவனுங்க எவ்ளோ வச்சாலும் அடிச்சிக்கலாம்."

"மொதல்ல எறங்கி எண்பது வச்சா ஜெயிச்சோம்டா. என்னைக்கும் அப்டித்தான்."

"எண்பதா? அது ஆறு ஓவருக்கே வந்துடும்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கோபம்தான்.

மே 11, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வற்றிய ஏரிதான் மைதானம். எட்டு மணிக்கே கால் சுட்டது. டாஸ் தோற்றேன். பெயிண்ட் ஷாப் பத்து ஓவரில் நூற்று முப்பத்தெட்டு. இந்த ஏரியில் இவ்வளவு ரன் நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எட்டாத ஸ்கோர் என்றால் இடைவேளையிலேயே கேப்டன் போய்க் கை கொடுத்துவிடுவார். மேட்ச் முடிந்தது. அடுத்த டீம் இறங்கலாம், நாமும் வெயிலுக்கு முன் ரூமுக்குப் போய்விடலாம். எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். அதே நினைப்பில் நேராகப் போய் அவர்கள் கேப்டன் சேகரிடம் கையை நீட்டினேன்.

"இன்னாண்ணே, காமெடி பண்றியா?" என்றான். ஆனால் கையைக் குலுக்கிவிட்டான்.

திரும்பினால் தினேஷ் பேட் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இன்னாண்ணே பண்ணிட்ட? ஓவருக்கு பதினாலுதானே! எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்பயரிடம் ஓடினார்கள். கை கொடுத்தது கொடுத்ததுதான் என்றுவிட்டார். அடுத்த மேட்ச் டீம் இன்னும் வந்து சேரவில்லை. "சும்மானா ஆடலாமா?" என்று தினேஷ் கேட்டான், சேகரும் சரி என்றான். என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பதில், வேடிக்கை பார்க்க வந்த வெல்டிங் ஷாப் பையன் ஒருத்தன் தினேஷோடு ஓபனிங் இறங்கினான்.

நான் கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டார்கள். மூன்று பந்து மிச்சம். கணக்கில் வராத ஜெயிப்பு. கத்தினார்கள், தினேஷைத் தூக்கினார்கள். பிறகு என்னைப் பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஷேர் ஆட்டோவில் தனியாக வந்தேன். சாப்பிடவில்லை.

மே 12, திங்கள்

பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. எங்கள் டீம் பசங்கள் இரண்டு பேர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார்கள்.

லைனில் நிற்கும்போது யோசித்தேன். வழக்கம், வெயில், மறுநாள் காலை ஷிப்ட், எல்லாம் சாக்கு. போன மேட்சில் பதினெட்டு பந்துக்குப் பதினொரு ரன்தான் அடித்தேன். ஓவருக்குப் பதினாலு என்றதும் முதலில் தோன்றியது, டீம் தோற்கும் என்பதில்லை. நான் திணறுவதை எல்லோரும் பார்ப்பார்கள் என்பது. பயந்துபோய்க் கை கொடுத்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இரவு எலுமிச்சை சாதம் வாங்கினேன். ஊசிப்போயிருந்தது.

மே 13, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. கேன்டீனில் தினேஷ் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, அடுத்த மாசம் கம்பெனில இன்னொரு டோர்னமென்ட் கீது. நீ அம்பயரா நில்லுண்ணே. உனக்குத்தான் ரூல்ஸெல்லாம் அத்துப்படி."

மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் சுட்டது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் என் வழக்கம். அந்தச் 'சரி' வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

"அம்பயர் வேணாம்டா. ஆடணும் எனக்கு. கேப்டனா வேணாம், ஓபனிங்கும் வேணாம். கடைசியா எறக்கிவிட்டாலும் சரி."

மோரைக் குடித்து முடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பசங்களைக் கேட்டுச் சொல்றேண்ணே."

மே 14, புதன்

லைனில் ஒரு மணி நேரம் கரன்ட் இல்லை. தினேஷ் இரண்டு தடவை என்னைக் கடந்து போனான். இன்னும் பசங்களைக் கேட்டிருக்க மாட்டான்.