உள்ளே போட்டால் பாவாடை

பாலன்டொரன்,
ஜனவரி 4

அன்புத் தம்பி ஃபின்லேக்கு,

அண்ணி இஷ்பெல் எழுதுகிறேன். உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்து சேர்ந்தது. வழக்கம்போல இரண்டே வரி. அதில் ஒரு வரி குளிரைப் பற்றி. மைனஸ் முப்பத்தெட்டு என்று படித்ததும் எனக்கே பல் கிட்டித்துவிட்டது. சாஸ்கட்டூனில் மனிதர்கள் எப்படித்தான் வீட்டை விட்டு வெளியே வருகிறீர்களோ! இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இந்த வருடம் அதைச் சும்மா பேச்சுக்காக எழுதவில்லை.

போன குளிர்காலத்தில் உன் அண்ணனுக்கு நிமோனியா வந்து, பதினொரு நாள் இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உனக்கு எழுதவே கூடாது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டார். மூக்கில் குழாயோடு கிடக்கிற மனிதரிடம் சண்டை போட முடியுமா? அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஆள் இப்போது தேறிவிட்டார். கஞ்சியில் உப்பு குறைந்தால் கத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

ஆனால் முழங்கால் வரைக்கும் தொங்குகிற கொசுவம் வைத்த கம்பளிக் கில்ட்டைக் கட்டிக்கொண்டு, உன் அண்ணன் பேக்பைப் ஊதி முன்னால் நடக்கிற புத்தாண்டு ஊர்வலம் என்று ஒன்று இருக்கிறதே. நவம்பரிலிருந்தே எனக்கு அதே கவலை. டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஊதுவது நல்லதுதான், தாராளமாக ஊதட்டும், ஆனால் இடுப்புக்குக் கீழே காற்று புகுந்தால் மறுபடியும் பழைய கதைதான் என்று சொல்லிவிட்டார். உன் அண்ணனுக்கு நாற்பது வருடமாக வாயில் இருக்கிற வசனம் உனக்குத் தெரியாததா? "உள்ள ஒண்ணைப் போட்டா அது கில்ட்டு இல்ல, பாவாடை."

பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சை எடுக்கிறேன், பொறுத்துக்கொள். அன்றைக்கும் இதே ஊர்வலம்தான். முடிந்ததும் நீ மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் பெஞ்சில் உட்கார்ந்து, கில்ட்டுக்கு உள்ளே போட்டிருந்த கம்பளி டவுசரைக் கழற்றிக் கணப்புக்கு மேலே காயப்போட்டாய். ஒளிக்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. அவர் அந்த வசனத்தைச் சொல்லி, "தம்பிக்குப் பாவாடை நல்லா இருக்கு, அடுத்த வருஷம் லேஸ் வச்சுத் தெச்சுடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஃபின்லே. மதுக்கடையில் உனக்குப் 'பாவாடை' என்ற பேர் நின்றுவிட்டது. வசந்தம் வருவதற்குள் நீ கனடாவுக்குக் கிளம்பிவிட்டாய்.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். அவருடைய வைத்தியங்கள் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டேன். முழங்காலில் ஆட்டுக்கொழுப்பு, தொடை வரைக்கும் நீண்ட சட்டை, இரட்டைக் காலுறை. கிளம்பும் முன்பு அடுப்புக்கு முதுகைக் காட்டிக் கால்மணி நேரம் நிற்பது வேறு. எட்டு கஜக் கம்பளியின் கொசுவம் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பார். உண்மைதான், தபால் நிலையம் வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் பாலம் இருக்கிறதே! ஆற்றுக் காற்றுக்குக் கொசுவம் எந்த மூலைக்கு?

அதனால் ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அரை டவுசர் ஒன்று பின்னினேன். வீட்டில் வேறு நூல் இல்லாததால் அது கடுகு மஞ்சள் நிறம். பார்த்ததும், "இதைப் போடறதுக்குப் பதிலா என்னைப் பெட்டிக்குள்ள படுக்க வச்சு ஆணி அடிச்சுடு" என்றார். ஒன்றாம் தேதி காலை மைனஸ் ஒன்பது. அவர் குளிக்கப் போன நேரத்தில் பேக்பைப்பின் சீவாளியைக் கழற்றி என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். சீவாளி இல்லாத பைப் வெறும் தோல்பைதானே. வீட்டைத் தலைகீழாகத் தேடினார். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டவுசர் உள்ள போகட்டும், சீவாளி வெளிய வரும்" என்றேன். செத்தாலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பைபிளின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போட்டார்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். காற்றுதான் காப்பாற்றவில்லை. குழுவுக்கு முன்னால் அவர் பாலத்தில் கால் வைத்ததும் பின்னாலிருந்து ஒரே ஒரு வீச்சு. அத்தனை கொசுவமும் முதுகு வரைக்கும் எழும்பிவிட்டது. ஊரே இரண்டு பக்கமும் நிற்கிறது. பனிவெள்ளைக்கு நடுவில் கடுகு மஞ்சள்! எனக்குத் தரைக்குள் புகுந்துவிடலாம்போல இருந்தது. காது இரண்டும் சிவந்து போச்சு அவருக்கு. ஆனால் ஒரு ஸ்வரம் தவறவில்லை, ஒரு அடி பிசகவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் வந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மண்டபத்துக்குள் போனதும் குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய மேளம் அடிக்கிற டூகல்தான் தொண்டையைச் செருமினான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லித் தன் கில்ட்டின் ஓரத்தைத் தூக்கினான். உள்ளே கறுப்பு சைக்கிள் டவுசர். பக்கத்தில் நின்றவன் தன் பெண்டாட்டியின் நீளக் காலுறை. அடுத்தவன் கால்பந்து நிக்கர். கடைசி வரிசையில் ஊதுகிற கர்ஸ்டி, "நான் ரெண்டு போட்டிருக்கேன் மாமா, ஆனா காட்ட மாட்டேன்" என்றாள். வெறுமனே வந்தவர் ஒருவர்கூட இல்லை, ஃபின்லே! இத்தனை வருடமும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உடை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உன் அண்ணன் வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "எப்பலேர்ந்துடா?" என்று மட்டும் கேட்டார். "ஃபின்லே போட்டுக் காட்டினதுலேர்ந்துதான். கதகதப்பா இருக்குன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஆனா அவன் பட்ட பாட்டைப் பார்த்துட்டு யாருக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரும்?" என்றான் டூகல்.

அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், குடித்தார்கள், பழக் கேக் வெட்டினார்கள். அவரும் சிரித்தார். டவுசருக்காக ஒரு வாழ்த்துக் குடியும் நடந்தது. இருமல் கிட்டவே வரவில்லை, அன்று இரவு குழந்தை மாதிரி தூங்கினார். நான் இவ்வளவு நிம்மதியாக ஒரு புத்தாண்டைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

ஆனால் மண்டபத்திலிருந்து திரும்பி வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "அத்தனை பேர்ல ஒளிக்காம போட்டது அவன் ஒருத்தன்தான், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "நான் அவனைப் பாவாடைன்னேன்" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

நேற்று சாப்பிடும்போது திடீரென்று, மஞ்சள் டவுசர் அரிக்கிறது என்று ஆரம்பித்தார். அரிக்கவில்லை, மூன்று நாளாக அதைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறவர் அவர். "மைனஸ் முப்பத்தெட்டுல அவன் உள்ள என்னதான் போடறான்னு எழுதிக் கேளு. அந்த ஊர்ச் சரக்கு நல்லதாத்தான் இருக்கும்" என்றார். உன்னைப் பற்றி அவராக வாயைத் திறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தட்டைப் பார்த்தபடி, "அனுப்ப வேணாம். தபால்ல தொலைஞ்சுடும். கையில எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்த மனிதர், ஃபின்லே. பனிப்புயலில்கூட ஒரு கடுதாசி தவறவிட்டதில்லை என்று உன்னிடமே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருப்பார்! தபாலை நம்ப முடியாது என்று அவர் வாயால் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியாது.

மாடி அறையில் மெத்தையைக் கணப்பருகே காய வைத்து, கனத்த கம்பளி இரண்டு போட்டு வைத்திருக்கிறேன். குளிர் இருக்கும்போதே வந்துவிடு. குளிர் போய்விட்டால் உங்கள் இருவருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருக்காது. கர்த்தர் உன்னைக் கதகதப்பாக வைத்திருந்து, பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த,
உன் அண்ணி
இஷ்பெல்