அம்மா சுற்றிய ரீல்

ஆனி 8, 1938. இரவு.

எம்.ஏ. படிப்பின் விடுமுறைக்கு ஊருக்கு வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. அம்மாவுக்கு நடவு முடிய வேண்டும், எனக்குப் படம் முடிய வேண்டும். கையால் சுற்றும் இரவல் சினிமாக் காமிராவில் மிச்சம் இருந்தது ஒரே ரீல்.

காலையில் வரப்பில் காமிராவை நிறுத்திச் சுற்றத் தொடங்கியதும், நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டு, வரிசையாக நின்றுவிட்டார்கள். கண்கூட இமைக்கவில்லை. பாதி ரீல் போயிற்று. குனிந்து நடச் சொன்னேன்.

“கம்பம் டவுனுல போட்டோ பிடிச்சவுக மூச்சுக்கூட விடக்கூடாதுன்னு சொன்னாக. நீ என்னலே வேலையப் பாக்கச் சொல்ற?” என்றாள் வரப்பில் நின்ற அம்மா. “மொதல்ல இந்த நாத்துக்கட்டை அங்கன கொண்டு போடு.”

கோபத்தோடு கட்டைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினேன். நாலாவது எட்டில் கால் புதைந்து மல்லாந்து விழுந்தேன். பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி சேற்றை வாரி என்மேல் எறிந்தாள். வரப்பிலிருந்து கரகரவென்று சத்தம். அம்மா திருகை சுற்றுவதுபோல நிதானமாகக் காமிராவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் கைக்கு இதுவரை வராத சீரான வேகம் அது. அப்படியே சேற்றில் கிடந்தேன்.

ரீலைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். படம் விழுந்திருக்கிறதோ என்னவோ.

இரவு சோறு போடும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். “ஏலே, நாளைக்கும் அங்கனயே விழுவியா? இன்னொரு தடவை சுத்திப் பாக்கணும்.”

ரீல் தீர்ந்துவிட்டதைச் சொல்ல மனம் வரவில்லை. விழுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.