பொட்டு வைத்த பொத்தான்

கோடம்பாக்கம், வெள்ளிக்கிழமை

கோபம் இல்லை மொழி. நேற்று போனில் மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் ரசம் கொதிக்கிறது என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ரசம் கொதிக்கவில்லை. கோபமும் இல்லை. வேறு ஒன்று. அதற்குப் பெயர் இருக்கிறது, எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு அது தெரியாமல் இல்லை, ஐம்பத்துமூன்று வயதில் சொந்த மகளுக்கு அதை எழுத விரல் கூசுகிறது. கொஞ்சம் சுற்றி வந்து சொல்கிறேன். முதலில் நலம். நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் சர்க்கரை அளவோடு இருக்கிறது, என் இருமல் ஒருவழியாக விட்டது. ஒட்டாவாவில் நீயும் உன் காது மூக்கும் குளிருக்குத் தப்பி முழுசாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்கு மறுபடி தோண்டிவிட்டார்கள், வாசலில் பலகை போட்டு நடக்கிறோம், அப்பா அதற்கும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். இதை நான் என் டைப்பிங் கடையில் இருந்து அடிக்கிறேன். போனில் சொன்னால் அவர் பக்கத்தில் இருப்பார்.

உன் பார்சல் வந்த நாளுக்குப் போகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். மேலே எழுதியிருந்தது புகழேந்தி. அப்பாவின் பெயர் மட்டும். அவர் கத்திரிக்கோல் தேடி வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பொத்தான், எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் மூடி, எழுத்து கிடையாது. வயர் இல்லை, கம்ப்யூட்டரில் சேராது, எதையும் அடிக்காது. அழுத்திப் பார்க்க மட்டும். அன்று ராத்திரி நீ அவருக்கு விளக்கினாய், ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒவ்வொரு விதமான ஸ்விட்ச் இருக்கு, நிறத்தைப் பார்த்து எடுக்கக் கூடாதுன்னுதான் ஒரே மூடி, உங்க விரலுக்கு எது ஒத்துவருதோ அதைச் சொல்லுங்க, அதிலேயே முழு கீபோர்டு கட்டி அனுப்புறேன், ஆள்காட்டி விரல் மூட்டு வலிக்குதுன்னு சொன்னீங்களேப்பா என்று. நான் சமையலறையில் இருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

மொழி, உன் அப்பா ஒரு விரலால் அடிப்பவர். வார்டு ஆபீசுக்கு மாதம் நாலு மனு. நான் இருபத்திரண்டு வருஷமாகப் பத்து விரலால் அடிக்கிறேன். உதவி இயக்குநர்கள் சிகரெட் அட்டையின் பின்னால்கூட எழுதிக் கொண்டுவருவார்கள், அதை வசனமாக, சீன் நம்பரோடு, நாலு பிரதியாக ஆக்கிக் கொடுக்கிறேன். என் கடை கீபோர்டில் மெய்யெழுத்து ஒன்று உள்ளே போனால் திரும்பி வராது, நகத்தால் நெம்பி எடுக்கிறேன். மணிக்கட்டில் இரவில் ஒரு துணி கட்டிக்கொண்டு படுக்கிறேன், தெரியுமா உனக்கு. தெரியாது. நான் சொன்னதில்லை. வலிக்கிறது என்று சொல்கிறவர்களுக்குத்தான் பார்சல் வரும்போல.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. உன்னோடு போனில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், புதன்கிழமை அரை மணி. முதல் வரிசை முதலாவது முறுக்கு மாதிரி நொறுங்குதும்மா பாப்பா, நடு வரிசையில இது இட்லி, போனா வரமாட்டேங்குது, என்பார். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது சிரித்தது. ஸ்விட்ச் வகைகளின் பெயராம், லீனியர் என்கிறார். டாக்டைல் என்கிறார். என் புடவையில் எது காட்டன், எது சிந்தெடிக் என்று இந்த முப்பது வருஷத்தில் தொட்டுச் சொல்லத் தெரியாத மனிதர். ஒருநாள் கேட்டேன், அவளுக்கு நான் டைப் அடிக்கிறவள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று, அதற்கு அவர், பாப்பாதான் சொல்லிச்சு, அம்மாவுக்கு நாள் பூரா அதே வேலைதானே, வீட்டிலயாவது நிம்மதியா விட்டுடலாம்பான்னு, என்றார். நல்ல எண்ணம்.

பிறகு அவர் தேர்ந்தெடுத்தார். முதல் வரிசையில் நடுவில் இருப்பது. வெண்ணெய் என்று பெயர் வைத்தார். மறந்துவிடக் கூடாது என்று கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்த பொட்டு ஒன்றை எடுத்து அந்த மூடியில் ஒட்டினார். மெரூன், சின்னது, நான் தினமும் வைப்பது. கேட்கக்கூட இல்லை. காலையில் கண்ணாடிக்கு முன் நின்று தேடுகிறேன், பொட்டு உன் பலகையில் இருக்கிறது.

போன புதன்கிழமை அவர் வார்டு ஆபீசுக்குப் போனதும் பலகையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தேன். இப்போது என் பக்கத்து சிஸ்டத்தில் போஸ்டர் வேலை பார்ப்பது அஃப்சருன்னிசா என்ற பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. இன்னாக்கா இது, மிட்டாய் டப்பா மாதிரி கீது, என்று பிடுங்கிக்கொண்டாள். மாற்றி மாற்றி அழுத்தினோம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். மொழி, நான் என்ன சொல்வது. ஒன்பதும் ஒன்பது விதம். ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது, ஒன்று முதலில் அடம்பிடித்துப் பிறகு இடிந்து விழுகிறது, ஒன்று சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. நடு வரிசையில் கடைசி. அதில் ஒரு மேடு இருக்கிறது. மிகச் சின்னது. விரல் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது, இறங்கியது விரலுக்கே தெரிகிறது. எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு எழுத்துக்கும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அஃப்சருன்னிசா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா, மாமாவுக்கு வந்த சாமானை நீ ஆட்டயப் போடப் போறியா, என்றாள். போடி என்றேன்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றாள். வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு மூடியாக நெம்பினோம். அடியில் சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள், குட்டிக் குட்டித் தண்டு. என்னுடையது ஊதா. மேஜை முழுக்க ஒன்பது மூடி கிடந்தபோது கதிரேசன் வந்துவிட்டான், அந்தப் புதுப் படத்தில் உதவி இயக்குநர், கிளைமாக்ஸை நாலு மணிக்குள் அடித்துத் தரணும் அக்கா, டைரக்டர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்காரு என்று. அவசர அவசரமாக மூடிகளை மாட்டினேன். அதில் பொட்டு மூடி இடம் மாறிவிட்டது.

மேலே இருக்கும் கடைசி வரியை அழித்துவிட்டு எழுத வேண்டும். அழிக்கவில்லை, இருக்கட்டும், ஆனால் அது பொய். எட்டு மூடியும் ஒரே மாதிரி, எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். பொட்டு மூடியைக் கடைசியாக வைத்தேன். கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்தேன். நடு வரிசையின் கடைசியில் வைத்து அழுத்தினேன். கீபோர்டு யார் பெயருக்கு வந்தால் என்ன, வீட்டுக்குத்தானே வரப்போகிறது, அவர் வாரத்தில் ஒருநாள் மனு எழுதுவார், மீதி நாள் அது என்னுடையது. அப்படி நினைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, என்னுடையதை நானே எடுத்துக்கொள்வேன். இதுதான் அந்தப் பெயர் தெரிந்த விஷயம். பொறாமை. உன் அப்பா மேல். இதோ அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அவர் பலகையைத் தூக்கிக் காட்டி, பொட்டு வெச்சது பாரும்மா, அதுதான், இனிமே மாத்த மாட்டேன், என்று நாலு தட்டுத் தட்டினார். நீ எண்ணிப் பார்த்து, நடு வரிசை கடைசியா, சரிப்பா, ஆர்டர் போட்டுடுறேன், சனிக்கிழமை வரை மாத்தலாம், அதுக்கு மேல முடியாது, என்றாய். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை மொழி. இரண்டு வாரம், அத்தனை மணி நேரம், வெண்ணெய், இட்லி, எல்லாம் பேசிவிட்டு, ஸ்விட்ச் மாறியது தெரியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எழுதக் கூடாது. அன்று பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். பால் மீந்துவிட்டது என்றேன்.

திங்கட்கிழமை தெரிந்துவிட்டது. ஆனால் வேறு மாதிரி. பழகிக்கொள்ள வேண்டும் என்று காலையில் காப்பியோடு உட்கார்ந்து அதையே அழுத்திக்கொண்டிருந்தார், திடீரென்று நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார். செல்வி, இங்க வா, மூட்டுல ஏதோ இடறுது, என்றார். அழுத்தும்போதெல்லாம் உள்ளே ஒரு கல் புரளுகிற மாதிரி இருக்கிறதாம். பொத்தானில் இருக்கும் மேட்டை அவர் தன் விரலுக்குள் இருப்பதாக நினைக்கிறார். செவ்வாய்க்கிழமை பந்து ஒன்று வாங்கி வந்து பிசைந்துகொண்டிருந்தார். புதன்கிழமை தைலம். என்னைத்தான் தேய்க்கச் சொன்னார், புதிதாக ஒன்றும் வந்திராத அந்த விரலைப் பிடித்துக் கால் மணி நேரம் நீவினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு, எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் கையில ஆரம்பிச்சுது, கடைசியில டம்ளர் பிடிக்க முடியல, ஞாபகம் இருக்கா, என்றார். பாப்பாகிட்ட சொல்லாதே, பயந்துடும், என்றார். நேற்று நீ கேட்டபோது வலியெல்லாம் பறந்துபோச்சும்மா என்று சொன்னாரே, சொல்லும்போது அந்தக் கையை மடியில் மறைத்து வைத்திருந்தார். நான் பார்த்தேன். அப்போதுதான் நீ என்னிடம் கேட்டாய், ஏம்மா பேச மாட்டேங்கிற, கோபமா என்று. நாளைக் காலை தி. நகரில் எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறார், நானும் கூட வர வேண்டுமாம்.

ஆகவே இப்போதே ஒன்று செய். இதைப் படித்ததும் ஆர்டரை மாற்று. அப்பாவுடையது முதல் வரிசை நடு. அடியில் மஞ்சள் தண்டு, நீ வைத்திருக்கும் பட்டியலில் சரிபார்த்துக்கொள். நாளை என்று தள்ளாதே. அவருடைய மூட்டுக்கு அது நிஜமாகவே நல்லது, கண்ணை மூடி அழுத்தியபோது எனக்கே தெரிந்தது. நடு வரிசை கடைசி என்னுடையது. இரண்டாவதாக இன்னொன்று கட்ட உனக்கு நேரம் இருக்குமா, தெரியவில்லை. இருந்தால் கட்டு. இல்லாவிட்டாலும் நீ என்னைக் கேட்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். வேலை செய்கிறவளுக்கு அந்த வேலையின் பேச்சு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தாய். யாரும் பேசாததால்தான் அலுத்தது. மொழி, அவர் முறுக்கு என்றும் இட்லி என்றும் சொன்னபோது நீ அப்படிச் சிரித்தாய், நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்ததை யாரிடம் சொல்வேன். அஃப்சருன்னிசாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள். ஆனால் அவள் நீ இல்லை.

சாதத்தை மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிடாதே. நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்க்காதே, முதுகு இப்போது ஒன்றும் சொல்லாது, நாற்பதில் சொல்லும். வலித்தால் வலிக்கிறது என்று சொல், என்னைப் போல வைத்துக்கொள்ளாதே. விசா தாள்களை இரண்டு இடத்தில் வை. கையும் காலும் திடமாக, நினைத்தது கைகூடி, நல்ல தூக்கத்தோடு இரு கண்ணு. ஆர்டர், சனிக்கிழமை, மறக்காதே.

உன் மேல் கொஞ்சமும் பொறாமை இல்லாத
அம்மா,
அன்புச்செல்வி

பின்குறிப்பு, வீட்டிலிருந்து. இதைக் கடையிலிருந்தே அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் மெயிலில் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு திருட்டு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றியதும் சொன்னேன், எல்லாவற்றையும், வேண்டுமென்றே வைத்தேன் என்பதையும். அவர் விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா, என்றார். பழைய வலிதான், புதிதாக ஒன்றும் இல்லை என்றேன். பிசைகிற பந்தை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, நாலு நாள் என்னை எங்க அப்பன நெனச்சு நடுங்க வெச்சிட்டியே செல்வி, என்றார், தட்டை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்த் தனியாகச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இந்தப் பத்தியைச் சேர்த்து உனக்கு அனுப்புகிறேன்.