பாக்கியத்தின் நாலு பல்

1934 மார்ச் 5, திங்கள்

நேற்று ராத்திரி மழை ஏமாற்றிவிட்டது. முற்றம் நனைந்ததோடு சரி. காலையிலேயே வெயில்.

டிஸ்பென்சரியைக் கூட்டி, பெஞ்சு போட்டு, கரும்பலகையில் பெரிதாக ஒரு பல் வரைந்தேன். பல் மாதிரி இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்து, மரச்சீனிக் கிழங்கு நல்லா விளைஞ்சிருக்கு என்றார். வாத்தியார் புத்தி.

மூன்று மணிக்குத் தாய்மார் கூட்டம் (இனிமேல் தா.கூ., எழுதிக் கை வலிக்கிறது). வந்தது ரெண்டு பேர். அதில் ஒருத்தி இருமல் மருந்துக்கு வந்தவள். பாவம், எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா 24ஆம் தேதி நாகர்கோவிலிலிருந்து கூட்டத்தைப் பார்க்க வருகிறார். பிள்ளைகளின் பல்லைப் பற்றித் தாய்களுக்குச் சொல்லித்தருகிறேன் என்று நான்தான் கெஞ்சி வாங்கின வேலை. தாய்மார் வரவில்லையென்றால் தா.கூ. நிறுத்தம், நான் பழையபடி புண் கழுவப் போகவேண்டியது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வாங்க: மண்ணெண்ணெய், ஊசி, கறிக்கு ஏதாவது.

மார்ச் 7, புதன்

தாய்கள் ஏன் வரவில்லை என்று இன்றுதான் மண்டையில் ஏறியது. அக்கானி சீசன். பனையேறிகள் இறக்குகிற பதநீரைப் பெண்கள்தான் காய்ச்சவேண்டும். அடுப்பை விட்டு நகர்ந்தால் கருப்பட்டி தீய்ந்துபோகும். இதில் பல்லைப் பற்றிப் பேச வா என்றால் யார் வருவாள்? சரி, நானே போகிறேன் என்று குடையை எடுத்தேன்.

முதல் பனைவிளையில் தங்கப்பூ. ஓலைக்குடிலுக்குள் புகை, அவள் துடுப்பால் கிண்டுகிறாள். பக்கத்தில் பாயில் சின்னது, பாக்கியம். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. வாயில் கருப்பட்டிக் கிழி. துணியில் ஒரு துண்டு கருப்பட்டியை முடிந்து வாயில் வைத்துவிட்டால் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை சூப்பிக்கொண்டு கிடக்கும். சத்தமே இல்லை. இந்த ஊரில் எல்லாக் குடிலிலும் இப்படித்தான்.

மூத்தவன் தாசு, நாலு வயது. அவனும் கிழியில் வளர்ந்தவன்தான். முன்பல் எல்லாம் கறுத்துக் கட்டையாகி நிற்கிறது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறான். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்துகிறான். நாலு வயதில் இதை எங்கே படித்தான்?

பாக்கியத்தின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலே ரெண்டு, கீழே ரெண்டு. அரிசி மாதிரி வெள்ளை. இந்த நாலையாவது விடக்கூடாது.

தங்கப்பூ கிண்டுவதை நிறுத்தவில்லை. "பால் பல்லுதான நர்சம்மா, விழுந்து வேற மொளைக்கும்." கிருமி, அழுகல் என்று நான் மூச்சு வாங்கப் பேசினேன். ம், ம் என்றாள். கேட்கவில்லை.

அப்போதுதான் மூலையில் கலயங்களைப் பார்த்தேன். கழுவி, அக்கானி புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவாத கலயத்தில் அக்கானி புளித்துப்போகும் அல்லவா, வாயும் கலயம் மாதிரிதான், இனிப்பு தங்கினால் உள்ளே புளித்துப் பல்லைத் தின்னும் என்றேன். துடுப்பு நின்றது. "அப்பிடிச் சொல்லுங்க. இப்பம்லா வெளங்குது."

வரும் வழியெல்லாம் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் தங்கப்பூ பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. உதடு வீங்கி, ஈறெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு. விரலில் தொட்டு அந்த நாலு பல்லிலும் தேய்த்திருக்கிறாள்.

"நீங்கதான சொன்னிய, வாயும் கலயமும் ஒண்ணுன்னு. சுண்ணாம்பு தேய்க்காத கலயம் என்னத்துக்கு ஆவும்?"

பிள்ளையை வாங்கி மடியில் போட்டேன். தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினேன், தேங்காயெண்ணெய் தடவினேன். கொஞ்சமாகத்தான் தேய்த்திருக்கிறாள், நாக்குக்கு ஒன்றும் இல்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டது. தங்கப்பூ அதை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று போனாள்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். நல்லாத்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

மார்ச் 10, சனி

கிணற்றங்கரையில் காதில் விழுந்தது: "நர்சம்மைக்க பேச்சக் கேட்டா பிள்ளைக்க வாய் வெந்து போவும்."

உப்பு தீர்ந்துவிட்டது. கோழி முட்டையிடவில்லை.

மார்ச் 12, திங்கள்

தா.கூ. ஒருத்தரும் இல்லை. இருமல்காரிகூட இல்லை. கரும்பலகையில் இருந்த கிழங்கை அழித்துவிட்டேன்.

மார்ச் 13, செவ்வாய்

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. நல்ல துணி கொஞ்சம், ஆறவைத்த வெந்நீர் ஒரு செம்பு. விளைக்குப் போனேன்.

தங்கப்பூ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதி சொல்லிவிட்டுப் போனது என் பிழை, மீதி பாதியை இப்போது செய்து காட்டுகிறேன் என்று பாயில் உட்கார்ந்தேன். உதடு ஆறியிருந்தது. விரலில் ஈரத்துணியைச் சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். பாக்கியம் முதலில் முழித்தாள். பிறகு கடித்தாள். பிறகு அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

தாசு வந்து பக்கத்தில் நின்று அவனும் வாயைத் திறந்தான். அந்தக் கட்டைகளை மெதுவாகத் துடைத்தேன். நொந்தது, ஆனாலும் மூடவில்லை.

தங்கப்பூ பார்த்துக்கொண்டே நின்றாள். "இவனுக்கும் கிழியாலதான் போச்சா?"

ஆமாம் என்றேன். மறைத்து என்ன? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையாகவும் இருக்கலாம். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி: "கிழி இல்லாட்ட இது கத்தும். பாகு தீஞ்சு போவும். நீங்க வந்து எடுத்து வச்சுக்கிடுவியளா?"

இதை எந்த டாக்டரம்மாவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெறும் துணியை முடிந்து கொடுத்துப் பார்த்தோம். பாக்கியம் ஒரு தடவை சூப்பி, துப்பிவிட்டு, என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தங்கப்பூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கழுவின அகப்பைக் காம்பு. அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா.

மார்ச் 17, சனி

தினமும் சாயங்காலம் விளைக்கு. வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வி: சோறு யார் வைப்பது? நீங்கள்தான் என்றேன். வைத்தார். குழைந்துவிட்டது. தாசுவுக்கு ஆகும் என்றேன்.

அடுத்த குடில் பெண்களும் வந்து எட்டிப்பார்க்கிறார்கள், நான் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

மார்ச் 20, செவ்வாய்

இன்று விளைக்குள் நுழையும்போதே தங்கப்பூவின் குரல். யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "ஏட்டி, சுண்ணாம்பு கலயத்துக்கு. வாய்க்குத் தண்ணியும் துணியும். ரெண்டையும் கொழப்பாத, நான் கொழப்பிப் பட்டாச்சு."

பனை மறைவில் நின்று முழுசும் கேட்டேன். கரும்பலகை போட்டு நான் பேசினதைவிட நன்றாக இருந்தது. பொறாமை. கொஞ்சந்தான்.

மார்ச் 24, சனி

வெயிலோ வெயில். டாக்டரம்மா மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். பெஞ்சு காலி. அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கூட்டம் இங்கே இல்லை, அடுப்பு இருக்கிற இடத்தில் என்றேன். தைரியம் எங்கிருந்து வந்ததோ. செருப்புக்குள் மணல் ஏற ஏற, முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

தங்கப்பூவின் குடிலைச் சுற்றிப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. ஒருத்தி மடியில் மட்டும் இன்னும் கிழி, எங்களைக் கண்டதும் முந்தானைக்குள் ஒளித்தாள். மற்றவர்கள் விரலில் ஈரத்துணி. தங்கப்பூ துடுப்பை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கதையை முதலிலிருந்து சொன்னாள், என் பேரை விடாமல். பூமி பிளந்தால் போய்விடுவேன் என்று நின்றேன். டாக்டரம்மா சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

பிறகு, எல்லாம் சரி, பல் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று துணி சுற்றாத விரலைப் பாக்கியத்தின் வாயில் விட்டார். நான் சொல்வதற்குள் கடித்துவிட்டாள். டாக்டரம்மா விரலை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த மாதமும் நடக்கட்டும் என்றார்.

விரலில் பதிந்திருந்த தடத்தை நானும் பார்த்தேன். மேலே ரெண்டு, கீழே ரெண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.