நீ பதில் பாடும் இடம்

மக்கா,

"பேண்டுல யாராவது வாசிக்கட்டும்" என்று மதினி இன்று காலை உன் டிரம்பெட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. டிரம்பெட் வால்வுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னோம்! கேட்டாயா? தலைக்குத் தேய்க்கிறதையே அதற்கும் விட்டாய். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

துறைமுகத்தில் மாலுமிகள் வந்து தங்கும் மன்றத்தில், ஒரு கிறிஸ்துமஸ் மாலை நம் பேண்டு வாசித்ததே, நினைத்துக்கொண்டேன். ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர் சாக்ஸபோனோடு வந்து நின்றார். ஜாஸ் என்றார்கள். நாம் நேரில் ஜாஸ் கேட்டது அன்றுதான். முன்னால் தாள் இல்லை, தெரிந்த பாட்டும் இல்லை, அந்தந்த நேரத்தில் தோன்றியதை ஊதினார். எனக்கு டிரம்மில் எங்கே கைவைப்பது என்றே தெரியவில்லை. நீயோ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு டிரம்பெட்டைத் தூக்கிவிட்டாய். அவர் ஒரு வரி கேட்க, நீ ஒரு வரி சொல்ல, அதையே அவர் திருப்பி உன்னைக் கேலி செய்ய, கூடம் முழுக்கக் கால்தட்டியது.

"அவரு பாஷ ஒனக்கு எப்படிலே புரிஞ்சுது?" என்றேன்.

"பாஷ எதுக்குலே? கடக்கரையில கரவல இழுக்கையில ஒருத்தன் அம்பாப் பாட்டு எடுப்பான், மத்தவன் பதில் பாடுவான்லா? அதத்தான் அவன் ஊதுதான். மனுசனுக்குப் பேச்சு வாரதுக்கு முந்தியே பாட்டு வந்திருக்கும்லே."

நன்றாக அளக்கிறாய் என்று நினைத்தேன்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்று, "இது யாரு, சொல்லு" என்று ஆளாளுக்கு உன்னை உலுக்கினார்கள். வாயைத் திறப்பாய், ஒரு சொல்லும் வராது, கண் நிறைந்துவிடும். "என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டாப் போதும்ணே" என்று மதினி அழுதாள். பார்க்க மாட்டாமல் நான் கட்டில் கம்பியில் தாளம் தட்டி அம்பா எடுத்தேன்.

நீ பதில் பாடினாய். முழு வரியும், ஒரு சொல் பிசகாமல்! பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே மெட்டில் இழுத்தாள்: "கஞ்சி குடிக்கியளா, உப்புப் போடட்டா?" கோயிலில்கூட வாய்திறந்து பாடாதவள்.

"போடு பிலோமி, போடு பிலோமி" என்று பாடினாய். தன் பேரைக் கேட்டதும் அவள் உன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கடைசிவரை உங்கள் வீட்டில் பேச்சே பாட்டுதான். சண்டைகூட.

உன் அடக்கத்தன்று, வழக்கம்போல் கல்லறைத் தோட்ட வாசலில் வாசிப்பை நிறுத்தினோம். அப்போது மதினி அம்பா எடுத்தாள். "போயிட்டு வாரியளா, போயிட்டு வாரியளா?" பதில் வாசிக்கப் பையன்கள் கருவிகளைத் தூக்கினார்கள். நான் கையைக் காட்டித் தடுத்தேன். அது உன் இடம். ஊரே காத்து நின்றது. மக்கா, நீ பதில் பாடவில்லை. அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது.

இப்போதும் எங்கே வாசித்தாலும், ஒரு வரி முடிந்ததும் என் கை ஒரு மூச்சு நேரம் நின்றுபோகிறது. "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, தாளத்த விடுதாரு" என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நீ வருவதற்கு இடம் விட்டுத்தான் அடிக்கிறேன்.