என் காலில் இல்லாத குறை

என் பாசத்துக்குரிய அண்ணனுக்கு,

நீ போன பிறகு உனக்கு முதல் தடவையாக எழுதுகிறேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை, அண்ணே. ஆத்திரம்தான் வருகிறது.

தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த என் காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். சும்மாவே நின்றதில் முன்பக்க பிரேக் துருவேறி இறுகிவிட்டது. சக்கரத் தகட்டைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரண்டு காலிப்பரையும் மாற்ற, உன் கூட்டாளி சண்முகம் அண்ணன் நேற்று கீரனூர் வீட்டுக்கே ஸ்பேனரோடு வந்தார். நான் கூடமாட நின்றேன்.

சக்கரத்தைக் கழற்றியதும் புதுக் காலிப்பரைப் பழசின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிரேக் எண்ணெயில் சிக்கும் காற்றை வெளியேற்றுகிற திருகு புதியதில் மேலே இருந்தது. முன்பு நீ மாட்டிய பழசில் கீழே இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விடாமல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கே தெரியும்மா. எடது வலது மாத்தி மாட்டிட்டோம், காத்து வெளிய வராது, பிரேக் சரியாப் பிடிக்காது, கழட்டிருவோம்னேன். 'மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காரு, இப்பச் சும்மா இரு'ன்னு உங்கண்ணன் என் கையை அமுக்கிட்டான்."

ஷெட்டுக்கெல்லாம் எதற்கு, நானே மாற்றுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சவடால் விட்டிருந்தாய். பைக் தவிர வேறு ஓட்டத் தெரியாத மனிதர் அவர். அவர் முன்னால் மறுபடி கழற்றிப் பூட்டினால் மச்சான் உனக்குக் கௌரவக் குறைச்சல். சரி, மறுநாள் வந்து மாற்றியிருக்கக் கூடாதா?

பெடல் பொதபொதவென்று இறங்குகிறது என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். எனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்று சிரித்தாய். நீ ஓட்டும்போது மட்டும் இரண்டு தரம் மிதித்துத்தான் நிறுத்துவாய். அதைத் தொழில் தெரிந்தவன் பழக்கம் என்று நினைத்தேன்.

மாத்தூரில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் மிதித்தேன், அண்ணே. உயிரைக் கொடுத்து மிதித்தேன். கார் பஸ்ஸில் மோதி, பக்கத்தில் இருந்த என் பாப்பாவின் நெற்றியில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த நீ, அவளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னாய்: "இவளுக்கு வண்டி சரிப்படாது மாப்பிள்ளை. சாவிய வாங்கி வச்சுக்குங்க."

அதைச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

அன்றிலிருந்து திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறேன். அதுகூடப் போகட்டும். பாப்பா இன்றைக்கும், "அம்மா ஓட்டுனா நான் வரல" என்கிறாள். உன் படத்துக்குத் தினமும் அவள்தான் பூ வைக்கிறாள். பயந்தாயா? சொல்ல ஒரு நேரம்கூட வாய்க்கவில்லையா? சண்டை போடக்கூட வழியில்லாமல் போய்விட்டாய்.

புதுசைச் சரியாக மாட்டிக் காற்றை எடுத்தோம். தெருவில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே மிதி, நின்றுவிட்டது. இறங்க மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

காரை விற்கப்போவதில்லை. உன் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை இனி நீயே வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தார். பாப்பாவிடம் மட்டும் வேண்டாம், போனவனைப் பற்றி என்னத்துக்கு என்றார்.

சொல்லத்தான் போகிறேன், அண்ணே. தன் தாயை நம்பி வண்டியில் ஏற அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். உன்னை அவள் வெறுக்காதபடி சொல்கிறேன், அது சத்தியம். அதற்குப் பிறகும் அவள் உனக்குப் பூ வைத்தால் தடுக்க மாட்டேன். நான் வைப்பேனா என்று மட்டும் கேட்காதே.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
சுமதி