நட்டநடுவில் ஓர் ஊசி

ஜூன் 4
இன்றும் நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டு பார்த்தேன். உள்ளூர் நீளக்கொம்பு வண்டும், வெளிநாட்டு மரப்பெட்டியில் ஒளிந்து வரும் நீளக்கொம்பு வண்டும் அச்சு அசல் ஒன்றுதான்: கருப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, வரிபோட்ட கொம்பு. ஆனால் உள்ளூர்க்காரன் செத்த மரத்தைத் தின்பான். வந்தவன் உயிருள்ள மரத்தைக் குடைந்து சாய்ப்பான். சிறகுகள் சேரும் இடத்திலுள்ள குட்டி முக்கோணம் உள்ளூருக்கு வெள்ளை, வந்தவனுக்குக் கருப்பு. உள்ளூர் மங்கல், வந்தவன் பளபளப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முக்கோணம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ஜூன் 9
எங்கள் தெருவில் எங்கள் பூச்சி ஆய்வு அலுவலக இயக்குநரே ஒரு வண்டு பிடித்தாராம்! நிறுத்தியிருந்த கார் கண்ணாடியில் அது வந்து உட்கார்ந்ததாம் — இதற்குப் பெயர் பிடிப்பது. அலுவலகமே கைதட்டியது. நானும்தான்.
"யாரும் தொடாதீங்க, நானே ஊசி குத்தி அட்டையில வைக்கிறேன்" என்றார்.

ஜூன் 10
தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஊசியை வலது சிறகில்தான் குத்த வேண்டும். நடுவில் அடையாளம் இருக்கிறதே! மனிதர் நட்டநடு முக்கோணத்தில் இறக்கியிருக்கிறார். இப்போது அங்கே ஓட்டைதான். சரி, பளபளப்பையாவது பார்ப்போம் என்றால், படத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று எண்ணெய் தடவியிருக்கிறார்.
"இது எதுன்னு சொல்ல முடியாது சார்."
"நடுவுல குத்தினாத்தாம்மா நேரா நிக்குது."
ஒரு காலைப் பிய்த்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன்.

ஜூன் 13
கூட்டம். 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். 'இல்லையென்று சொல்வதற்கில்லை' என்று வாசித்தார்கள்.
"சோதனை முடிவு வரட்டும் சார்."
"அதுக்குள்ள பரவிட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"
தெரு மரம் அத்தனையையும் வெட்ட உத்தரவு.

ஜூன் 14
எதிர்வீட்டுத் தையல்காரக்கா மர நிழலில்தான் மிஷின் போட்டிருக்கிறார். அவர் வீடு ஒற்றை அறை, கட்டிலுக்கே இடமில்லை.
"நீதானேம்மா வண்டு பாக்குறவ? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"
சொன்னேன் அக்கா, எடுபடல. — இதை அவரிடம் சொல்லாமல் இங்கே வந்து எழுதுகிறேன். பெரிய வீராங்கனை!

ஜூன் 17
வெட்டிவிட்டார்கள். ஒரு கட்டையிலும் ஒரு துளைகூட இல்லை.

ஜூலை 1
சோதனை முடிவு வந்தது. உள்ளூர் வண்டு. இயக்குநர் அசரவே இல்லை.
"பாத்தீங்களா? சரியான நேரத்துல வெட்டினோம், பரவல."
பரவ என்ன சார் இருந்துச்சு? கேட்கவில்லை. அவருக்குப் பாராட்டு விழா வேறு நடக்கப்போகிறதாம்.

ஜூலை 8
தையல்காரக்கா வெயிலில் மிஷின் போட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் தலைசுற்றல். துணிக் கம்பெனி வேலைக்குப் போகிறாராம். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 12
இயக்குநர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சு மெத்தையில் உயிரோடு ஒரு வண்டு.
"எங்க வீட்டு வாசல் மரத்துல இருந்துச்சும்மா. வீட்டம்மா கையால வெச்ச மரம். நிதானமா பாத்துச் சொல்லுங்க, அவசரமே இல்ல."
முக்கோணம் பளிச்சென்று வெள்ளை.
கருப்பு என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யார் சரிபார்க்கப்போகிறார்கள்?
"உள்ளூர்தான் சார். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."
பொய் சொல்ல வராத என்மேல் எனக்கே எரிச்சல்.
"உங்க கண்ணுதாம்மா இந்த ஆபீசுக்கே பலம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.
சாயங்காலம் வீடு திரும்பினேன். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அக்காவுக்கு இன்றும் ஓவர்டைமாம்.